திரும்பிப் பார்க்காத குட்டி

முதலில் கோணிச்சாக்கை நாலாக மடித்துத் தரையில் போடுகிறார். செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் ஏறி நின்றுகொள்கிறார். இடது கையில் எவர்சில்வர் தட்டு, வலது கையில் குழம்புக் கரண்டி. நாலடி தள்ளி ஐந்து நாய்க்குட்டிகள் ஒரே தாம்பாளத்தில் முகத்தைப் புதைத்துப் பால்சோறு தின்றுகொண்டிருக்கின்றன. ஐந்து வால்களும் உமாதேவியின் பக்கம். அசையாதீர்கள் என்று என்னிடம் புருவத்தாலேயே சொல்லிவிட்டு, தட்டில் ஓங்கி ஒரு போடு போடுகிறார்.

நாலு தலைகள் திரும்புகின்றன. ஐந்தாவது தின்றுகொண்டே இருக்கிறது.

"நல்ல பசி போல" என்றேன் நான்.

"நேத்தும் அப்படித்தான் நெனச்சேன். முந்தாநாளும் அப்படித்தான் நெனச்சேன்" என்றார் உமாதேவி. முந்தாநாள் சாவிக்கொத்து, நேற்று தையல் கத்தரி, இன்று தட்டு. நாளைக்குக் குக்கரை அடுப்பில் ஏற்றிக் கொல்லைக்கே கொண்டுவந்துவிடுவாராம். ஒரே சத்தமென்றால் குட்டிகளுக்குப் பழகிவிடும். "சாக்கு எதுக்குன்னு நீங்க கேக்கவே இல்லையே. தரையில நின்னு அடிச்சா நம்ம கால் அதிருறது அதுக வயித்துக்குத் தெரிஞ்சுபோகும். காதால திரும்புதா வயித்தால திரும்புதான்னு கண்டுபிடிக்க முடியாது. ஒத்தக் காது மட்டும் கேக்காதது இருக்கு பாருங்க, அதுதான் பெரிய கள்ளன். திரும்பும், ஆனா தப்பான பக்கம் திரும்பும்."

ஐந்தாவது குட்டி தாம்பாளத்தை நக்கி முடித்துவிட்டு, மற்றவை எங்கே பார்க்கின்றன என்று பார்த்து, தானும் எங்களைப் பார்த்தது. ஐந்திலும் அதுதான் பால் வெள்ளை. மற்ற நாலுக்கும் காதோரம் டீக்கறை மாதிரி மஞ்சள் திட்டு இருந்தது. இதற்கு ஒரு பொட்டு கிடையாது, மூக்குகூட ரோஜா நிறம். ராஜபாளையம் நாயில் ஆசைப்படுகிறவர்கள் எதற்கு ஆசைப்படுவார்களோ அதெல்லாம் அந்தக் குட்டிக்கு இருந்தது.

உமாதேவிக்கு நாற்பத்தெட்டு வயது. காமயகவுண்டன்பட்டியில், பஸ் போர்டில் போடுகிறபடி சொன்னால் கே.கே.பட்டியில், பிளவுஸ் தைக்கிறார். முன்னறையில் தையல் மெஷின், பின்கட்டில் நாய்கள். கழுத்தில் டேப் இல்லாமல் அவரை நான் பார்த்ததில்லை. அதே டேப்பால்தான் நாய்களின் தோள் உயரத்தையும் அளக்கிறார். ஒருமுறை ஓர் அம்மாள், "நாயை அளந்த டேப்புலயா என்னையவும் அளக்குற?" என்று கேட்டுவிட்டார். "பயப்படாதீகக்கா, அதுகளுக்கு ஒன்னும் ஒட்டிக்கிடாது" என்று பதில் சொன்னாராம் உமாதேவி. அந்த அம்மாள் இன்றைக்கும் அங்கேதான் தைக்கிறார், கை வாகு அப்படி.

நான் அங்கே எழுதப் போனது நல்ல எண்ணத்தோடு அல்ல. நாயை சாதி பார்த்து, வம்சம் பார்த்து வளர்க்கிறவர்களை எனக்கு எப்போதும் ஆகாது. தேனியில் எங்கள் வீட்டில் பதினான்கு வருஷம் இருந்தது ஒரு தெருநாய். டிகாஷன் நிறத்தில் இருந்ததால் அதற்கு டிகாஷன் என்றே பெயர். அதன் அப்பன் யார் என்று ஒருவரும் கேட்டதில்லை, அதுவும் எங்களைக் கேட்டதில்லை. வாசலில் யாராவது புதிதாக வந்தால் எழுந்திருக்காமலே ஒருமுறை குரைக்கும், அதோடு கடமை முடிந்தது என்று படுத்துக்கொள்ளும். அப்படிப்பட்ட நாயோடு வளர்ந்தவன், குட்டி எடுத்து விற்கிறவர்களைப் பற்றி என்ன எழுதப்போகிறேன் என்று எனக்கே தெரியும். தலைப்புகூட யோசித்து வைத்திருந்தேன். அதை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

முதல் நாளே கேட்டேன். தெருவெல்லாம் நாய் திரிகிறது, எதற்கு இன்னும் குட்டி எடுக்கிறீர்கள்?

ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே, "ஆசைதான். வேற என்னத்தைச் சொல்ல?" என்றார். "வெள்ளையா, ஒசரமா, ஒரு நாய் நடந்து வந்தா தைக்கிறதை விட்டுட்டு எந்திரிச்சுப் போயிருவேன். அவசியம்னு யாரும் இதைச் செய்யலை. ஆசைக்குச் செய்யிறோம்ல, அப்ப ஒழுங்காச் செய்யணும்ல?"

நான் அதை அப்படியே எழுதிக்கொண்டேன்.

ஊரில் அவரைக் கேலி செய்ய வேறொரு காரணம் உண்டு. கோம்பை பக்கத்தில்தான் இருக்கிறது. செந்நிறத்தில், கருத்த வாயோடு, கட்டுமஸ்தான கோம்பை நாய் இந்தப் பள்ளத்தாக்கின் சொத்து. அதை விட்டுவிட்டு மலைக்கு அந்தப்பக்கத்து ராஜபாளையத்து நாயை ஒருத்தி வளர்த்தால் சும்மா விடுவார்களா? "பக்கத்துல மாப்பிள்ளை இருக்க வெளியூருல சம்பந்தம் பண்ணுறவ" என்று அவருடைய தம்பி சுருளிராஜனே சொல்வார். உமாதேவி சிரித்துவிட்டு விட்டுவிடுவார். காரணத்தை எனக்குச் சொன்னது மூன்றாவது முறை போனபோதுதான்.

அவருடைய அப்பா கம்பத்தில் ஒரு திராட்சைத் தோட்டத்தில் காவல் இருந்தார். தோட்டக்காரர் எங்கிருந்தோ ஒரு வெள்ளைக் குட்டி கொண்டுவந்து காவலுக்கு விட்டார். சுண்ணாம்பு என்று பெயர் வைத்தது பத்து வயது உமாதேவி. பெயர் வைத்ததுதான் மிச்சம், கூப்பிட்டால் வராது. தொண்டை கிழியக் கத்தினாலும் திரும்பாது. முகத்துக்கு நேரே போய் நின்றால் மட்டும் வாலை ஆட்டிக்கொண்டு மேலே விழும். திமிர் என்றார் அப்பா. கட்டிப்போட்டு அடித்தார்கள். "நானும் அடிச்சிருக்கேன். பந்தல் குச்சியால. கூப்புட்டா வரமாட்டியா, வரமாட்டியான்னு கேட்டுக் கேட்டு அடிச்சேன்" என்றார். ஓர் அறுவடை நாளில், கூடை ஏற்றிய டிராக்டர் பின்னால் வந்தபோது சுண்ணாம்பு பாதையில் முதுகைக் காட்டிப் படுத்திருந்தது. டிரைவர் ஆரன் அடித்தார், ஆட்கள் கத்தினார்கள். அது எழுந்திருக்கவில்லை.

"அப்பக்கூட எங்கப்பா என்ன சொன்னாக தெரியுமா? செத்தும் திமிரு போகலைன்னாக."

அது திமிர் இல்லை என்று உமாதேவிக்குத் தெரிய முப்பது வருஷம் ஆனது. தெரிந்த விதம்தான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த, மிகவும் வலித்த இடம்.

குட்டி எடுக்கத் தொடங்கிய நாளிலிருந்தே அவர் நாய்களுக்கு முறை பார்ப்பார். பிளவுஸ் அளவு எழுதுகிற நோட்டின் கடைசிப் பக்கங்களில் வம்சம் எழுதி வைத்திருக்கிறார். முன்பக்கம் 'பின்கழுத்து ஏழு, கை ஒன்பது' என்றிருக்கும். பின்பக்கம் திருப்பினால், 'பன்னீருக்குச் சின்னமனூர் ஆண் தாய்மாமன். கூடலூர் ஆண் சித்தப்பன்' என்றிருக்கும். அண்ணன் தங்கையைச் சேர்க்க மாட்டார். அண்ணன் தம்பி பிள்ளைகளையும் சேர்க்க மாட்டார், அவை பங்காளி, அதாவது அண்ணன் தங்கை முறை. ஆனால் அண்ணனுடைய குட்டியையும் தங்கையுடைய குட்டியையும் கூச்சமில்லாமல் சேர்ப்பார். அத்தை மகன், மாமன் மகள், முறைதானே! நம் வீடுகளில் எப்படியோ அப்படியே நாய்களுக்கும். அவர் மட்டுமல்ல, இந்தப் பக்கத்தில் நாய் வளர்க்கிற பாதிப் பேர் அப்படித்தான் செய்தார்கள், ரொம்ப ஒழுக்கமாகச் செய்கிறோம் என்ற நினைப்போடு.

நாலு தலைமுறை இப்படி அத்தை மகனும் மாமன் மகளுமாகவே போனது. குட்டிகள் வெள்ளை வெளேரென்று விழுந்தன. எட்டு வருஷத்துக்கு முன்பு ஓர் ஈத்தில் ஏழு குட்டி, ஏழும் பால் வெள்ளை, முப்பது நாளில் ஏழும் கைமாறிவிட்டன. இரண்டு மாதம் கழித்து ஒருவர் நாயைத் திருப்பிக் கொண்டுவந்தார். கூப்பிட்டால் வரவில்லை, திமிர் பிடித்தது என்றார். அந்த வார்த்தையைக் கேட்டதும் உமாதேவி தைத்துக்கொண்டிருந்த துணியைப் போட்டுவிட்டு எழுந்தாராம். குட்டியைத் தூக்கிக்கொண்டு அரசு கால்நடை மருத்துவரிடம் ஓடினார். டாக்டரம்மா அதன் தலைக்குப் பின்னால் கை தட்டிப் பார்த்தார். பிறகு உமாதேவியின் நோட்டை வாங்கிக் கடைசிப் பக்கங்களைப் படித்தார், சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. "நாய்க்கு ஏதும்மா அத்தை? தாத்தா ஒன்னுதானே ரெண்டுக்கும்? ரத்தத்துக்கு உங்க முறையெல்லாம் தெரியாது" என்றார். சொந்தத்துக்குள்ளேயே சேர்த்ததும், வெள்ளையிலும் வெள்ளையாகத் தேடிப்போனதும் சேர்ந்து காதைக் கெடுக்கிறது என்று விளக்கிச் சொன்னார்.

"அப்ப எனக்கு அந்தக் குட்டி ஞாபகம் வரலைங்க. சுண்ணாம்பு ஞாபகம்தான் வந்துச்சு. டாக்டரம்மா மேசையில தலையைச் சாச்சு அழுதுட்டேன். அது திமிரே இல்லைங்க. அதுக்குக் கேக்கலை. அவ்வளவுதான்" என்றார் என்னிடம். பத்து வயதுப் பிள்ளை செய்த தப்புக்கு நாற்பது வயதில் தண்டனை கிடைப்பது என்ன நியாயமோ தெரியவில்லை.

அன்று வீட்டுக்கு வந்தவர் கணவர் கர்ணனை ரொம்ப நேரம் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாராம். கர்ணன் அவருக்குச் சொந்த அத்தை மகன். திராட்சைக்குக் கவாத்து வெட்டுகிற வேலை, வாய் மட்டும் கவாத்து வெட்டாதது. "என்னத்தா, என்னையவும் கை தட்டிப் பாக்கப் போறியா? நீ கூப்புட்டா எனக்கு எப்பவுமே கேக்காது, அது வேற சங்கதி" என்றார். அவர்களுடைய மகள் கோயம்புத்தூரில் நர்சிங் படிக்கிறாள், போனில் அம்மா மெதுவாகப் பேசினாலே கத்தாதே என்பாள். அவள் காதுக்கு ஒரு குறையுமில்லை.

அந்த ஏழில் மூன்றுக்குக் காது கேட்காது என்று தெரிந்தது. உமாதேவி ஊர் ஊராகத் தேடிப் போனார். திரும்பி வந்ததோடு சேர்த்து இரண்டு இப்போது அவரிடமே இருக்கின்றன. அவற்றின் பெயர் ராஜராஜேஸ்வரி, சௌந்தரபாண்டியன். கூப்பிட முடியாததுகளுக்கு எதற்கு இவ்வளவு நீளப் பெயர் என்று தம்பி கேட்டதற்கு, "கூப்புடுறதுக்குத்தான் பேரு சுருக்கமா வேணும்" என்றாராம். மூன்றாவது கூடலூர்ப் பக்கம் போய், அங்கிருந்து எங்கோ போய்விட்டது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அதிலிருந்து அவருக்கு நாலு சட்டம். சொந்தத்துக்குள் சேர்ப்பதில்லை. ஐம்பது நாளுக்கு முன்னால் குட்டியைக் கொடுப்பதில்லை. காது பார்க்காமல் கொடுப்பதில்லை. கேட்காத குட்டி பிறந்தால் தாய்க்கு அதோடு ஓய்வு. இந்த முறை பன்னீரை, அவரிடம் இருப்பதிலேயே அழகான பெட்டையை, ஸ்ரீவில்லிப்புத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு மஞ்சள் காது ஆணோடு சேர்த்திருந்தார். வெள்ளை கெட்டுப்போகும் என்று சுருளிராஜன் தலையில் அடித்துக்கொண்டார். வெள்ளை கெட்டது, நாலு குட்டிக்குக் காது கேட்டது. எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் ஐந்தாவது இப்படி விழுந்துவிட்டது.

"எல்லாரும் இருபத்தஞ்சு நாள்ல தள்ளிவிட்டுர்றாக. காது தெரியுறதுக்குள்ள குட்டி கைமாறிரும். நீதான்க்கா அம்பது நாள் வச்சிருந்து, தட்டடிச்சு, ஊருக்கே தமுக்கு அடிக்கிற" என்றார் சுருளிராஜன். தட்டுச் சோதனை நடந்த வாரத்தில் நானும் அங்கே இருந்தேன். மனிதர் கெட்டவர் அல்ல. அக்கா பெயர் கெட்டுவிடக் கூடாதே என்ற பயம்.

உமாதேவி தமுக்குத்தான் அடித்தார். நாட்டு நாய் வளர்க்கிறவர்களின் வாட்ஸ்அப் குழுவில் தன் குரலிலேயே பேசிப் போட்டார்: "பன்னீர் குட்டி ஒன்னுக்குக் காது கேக்காது. கூட வச்சு வளக்குறவுகளுக்குக் குடுப்பேன். குட்டி எடுக்குறவுகளுக்குக் குடுக்க மாட்டேன். வீடு பாத்துத்தான் குடுப்பேன்." பன்னிரண்டு நாள் ஆயிற்று. சிரிக்கிற பொம்மைகள் நிறைய வந்தன, ஆள் ஒருவரும் வரவில்லை.

கர்ணன் கறாராகச் சொல்லிவிட்டார், கேளாத நாய் மூன்றாவதாக இந்த வீட்டில் தங்காது. இடமில்லை என்பது உண்மைதான், முன்னறையில் மெஷினுக்கும் அவர் கட்டிலுக்கும் நடுவில் சௌந்தரபாண்டியன் படுத்தால் காலை நீட்ட முடியாது. உமாதேவி அதற்கும் மேலே போய்விட்டார். "இந்தப் பயலுக்கு ஒரு எடம் அமையலைன்னா இவன் இங்கதான் இருப்பான், நான் குட்டி எடுக்குறதை இதோட விட்டுருவேன். பெத்ததுல ஒன்னுக்கு எடம் தேடித் தர முடியாதவளுக்கு இன்னொரு ஈத்து எதுக்கு?" என்றார். இருபது வருஷ ஆசையை நாற்பது நாள் குட்டியின் தலையில் கட்டிவிட்டார். அது ஒன்றும் தெரியாமல் என் செருப்பு வாரைக் கடித்துக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஸ்டான்லி வந்தார். போடியில் அவருக்கு ஹார்டுவேர் கடை. கோயில் முடிந்து அப்படியே வந்திருந்ததால் வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேண்ட், பணிவான பேச்சு. நேராக ஐந்தாவது குட்டியிடம் போய் உட்கார்ந்துவிட்டார்.

"அக்கா, இது எனக்கு வேணும்."

"தம்பி, குழுவுல நான் பேசுனதைக் கேட்டீகளா?"

"கேட்டேன்க்கா. காது கேக்காட்டி என்ன? நான் என்ன கச்சேரிக்கா கூட்டிட்டுப் போகப் போறேன்? இந்த வெள்ளை எங்கயும் கெடைக்காதுக்கா. ஒரு வருசம் வளத்து, இதே மாதிரி ஒரு வெள்ளைக்குச் சேத்துவிட்டா..."

"அதுக்குத்தான் குடுக்க மாட்டேன்னேன்."

"நல்லா வச்சிருப்பேன்க்கா. ஏசி ரூமுலயே போட்டுருவேன்."

"உங்க மனசைக் குத்தம் சொல்லலை தம்பி. இவன் வாங்கியிருக்கிறது இவனோட முடியணும். இன்னும் நாலு சுண்ணாம்பு பொறந்து யாருகிட்டயோ அடிவாங்கணுமா?"

ஸ்டான்லிக்குச் சுண்ணாம்பு யாரென்று தெரியாது. ஆனாலும் உமாதேவி அதைச் சொன்ன குரலில் என்னவோ இருந்தது, அவர் அதோடு விட்டுவிட்டார். குட்டியின் ரோஜா மூக்கை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு எழுந்தார். வாசல்வரை போனவர் திரும்பி, "ஒரு மஞ்சள் காது குடுங்கக்கா, வளக்க மட்டும்" என்றார். வீடு பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார் உமாதேவி. பார்த்தார், ஐம்பதாம் நாள் கொடுத்தார். மற்ற மூன்றும் மறுநாளே வீடு சேர்ந்தன. தாம்பாளத்தில் ஐந்தாவது மட்டும் தனியாகத் தின்றது.

ஐம்பத்திரண்டாம் நாள் ஒரு போன். உமாதேவி போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டார், முன்னறை முழுவதும் கேட்டது.

"ஜெபமணி பேசுறேன் ஆத்தா! சின்னமனூர் மாவு மில்லு! ஸ்டான்லி தம்பி சொன்னாக! காது கேக்காத குட்டி இருக்காமே! எனக்கு அதுதான் வேணும்!"

"காது கேக்குறது வேணாமா அண்ணாச்சி?"

"கேக்குறதெல்லாம் ஓடிப்போச்சு ஆத்தா! மூணு நாய் வளத்துட்டேன்! மிஷினைப் போட்டா வாலைச் சுருட்டிக்கிட்டு ஓடிருது! இங்கன யாருக்குமே காது கேக்காது! நாங்கள்லாம் கையாலதான் பேசிக்கிடுறோம்!"

மறுநாளே வீடு பார்க்கக் கிளம்பினோம். கம்பத்தில் பஸ் மாறினோம். உமாதேவி ஜன்னல் சீட்டை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். உத்தமபாளையத்தில் டீக்கடை ஓரம் ஒரு வெள்ளை நாய் படுத்திருந்தது. நாக்கை மடித்து விரலை வைத்து ஒரு விசில் அடித்தார் பாருங்கள், டிரைவர் பிரேக்கையே போட்டுவிட்டார். கண்டக்டர் பின்னாலிருந்து, "ஏம்மா, என் வேலையை நீ பாக்குறியா?" என்று கத்தினார். உமாதேவி அதைக் காதிலேயே வாங்கவில்லை. நாய் தலையைத் தூக்கிப் பஸ்ஸைப் பார்த்தது.

"திரும்பிருச்சு. நம்ம புள்ளை இல்லை" என்று சொல்லிச் சீட்டில் சாய்ந்துகொண்டார். எட்டு வருஷமாகப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் கூடலூர்ப் பக்கம் போன அந்த மூன்றாவதை இப்படித்தான் தேடுகிறார்.

மில்லுக்குள் நுழைந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஜெபமணிக்கு அறுபது வயதிருக்கும். தலை, மீசை, புருவம், சட்டை எல்லாம் மாவு. முதலாளியே ராஜபாளையம் நிறத்தில் நின்றார். மிஷின் போட்ட சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அரைக்கிற முத்துலட்சுமியிடம் மூன்று விரலைக் காட்டினால் இட்லிக்கு, கட்டை விரலால் தேய்த்துக் காட்டினால் நைசாக. மாவு வாங்க வந்தவர்கள் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து, எதிர்ச் சுவரில் தொங்கும் ஒரு குண்டு பல்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அரைத்து முடிந்ததும் முத்துலட்சுமி மிஷின் பக்கத்திலிருந்து சுவிட்சைத் தட்டுவார், பல்பு இரண்டுமுறை மின்னும், உரியவர் எழுந்து போவார். கூப்பிடுகிற வழக்கமே அங்கே கிடையாது.

உமாதேவி மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தவர் போல மூலை மூலையாகப் போனார். மிளகாய் அரைக்கிற மிஷின் எங்கே என்று சைகையில் கேட்டார். கொல்லையில் தனிக் கொட்டகை என்று ஜெபமணி கூட்டிப்போய்க் காட்டினார். தண்ணீர் வைக்கிற இடம், படுக்கிற இடம், கடைசியில் மிஷின் பெல்ட். பெல்ட் திறந்தபடி ஓடிக்கொண்டிருந்தது. கழுத்து டேப்பை எடுத்துத் தரையிலிருந்து பெல்ட்டுக்கு அளந்தார். வெளியே வந்ததும், "மாட்டேன் அண்ணாச்சி" என்றார்.

ஜெபமணிக்கு முகம் விழுந்துவிட்டது. "ஏன் ஆத்தா? இருபது வருசமா ஓடுது, ஒருத்தருக்கும் ஒன்னும் ஆனதில்லையே!"

"உங்களுக்கெல்லாம் பெல்ட்டு ஓடுறது தெரியும். அவனுக்கு அது சும்மா இருக்கா ஓடுதான்னு தெரியாது. வலை போட்டுட்டுச் சொல்லுங்க. இன்னொன்னு, எட்டாம் மாசம் நானே வந்து கூட்டிட்டுப் போயி, டாக்டரம்மாகிட்ட குடும்பக் கட்டுப்பாடு ஆப்பரேசன் பண்ணிக் கொண்டாந்து விடுவேன். சம்மதம்னா சொல்லுங்க."

திரும்பி வரும் பஸ்ஸில் அவர் விசில் அடிக்கவில்லை. கிடைத்த ஒரே இடத்தையும் கெடுத்துக்கொண்டாரே என்று எனக்கு எரிச்சல். சொன்னேன். "வலை போடலைன்னா அது எடமே இல்லைல" என்றார்.

ஐந்து நாள் ஜெபமணியிடமிருந்து சத்தமில்லை. ஆறாம் நாள் ஒரு போட்டோ வந்தது. பெல்ட்டைச் சுற்றி இடுப்பு உயரத்துக்கு இரும்பு வலை, வலைக்கு முன்னால் விறைப்பாக நிற்கிற ஜெபமணி, கையில் ஓர் இஞ்சு டேப். அளந்து பார்த்துக்கொள் என்று சொல்லாமல் சொல்லியிருந்தார். உமாதேவி அந்தப் போட்டோவைப் பெரிதாக்கி வலையின் கண்ணி அளவைப் பார்த்தார். பிறகுதான் சிரித்தார்.

குட்டியைப் பையில் வைத்துக் கொண்டுபோன நாள் நானும் கூடப் போனேன், இப்போது எனக்கு அது வேலையாகவே ஆகிவிட்டது. மில் ஓடிக்கொண்டிருந்தது. இறக்கிவிட்டதும் குட்டி நாலு காலையும் அகட்டி நின்றது, தரை அதிர்வது புதிதாக இருந்திருக்க வேண்டும். ஒரு நிமிஷம் அப்படியே நின்றது. ஓடிப்போன நாய்களை நினைத்து ஜெபமணி கதவுப் பக்கம் பார்த்தார். குட்டி மூக்கைத் தரையில் வைத்துப் பார்த்தது, பிறகு ஒரு கோதுமை மூட்டையை முகர்ந்து அங்கேயே உட்கார்ந்துவிட்டது. முத்துலட்சுமி யாருக்கோ மாவை அரைத்து முடித்து, வழக்கம்போலச் சுவிட்சைத் தட்டினார்.

பல்பு மின்னியது. பெஞ்சிலிருந்தவர்களோடு சேர்ந்து குட்டியும் திரும்பியது.

உமாதேவி என் கையைப் பிடித்துவிட்டார். இன்னொரு தடவை போடு என்று முத்துலட்சுமியிடம் சைகை காட்டினார். மறுபடி மின்னியது, மறுபடி திரும்பியது. இந்த முறை பல்பைப் பார்த்துவிட்டு, மின்ன வைத்தது யாரென்று தேடி, சுவிட்சில் கை வைத்திருந்த முத்துலட்சுமியையும் பார்த்து வாலை ஆட்டியது. மூன்றாவது தடவை ஜெபமணியே ஓடிப்போய்ச் சுவிட்சைத் தட்டினார். மாவு வாங்க வந்த ஓர் அம்மாள் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று எழுந்து போய்த் திட்டிவிட்டு வந்தார். தட்டு, சாவிக்கொத்து, கத்தரி, குக்கர் என்று ஒரு மாதம் பின்னாலிருந்து கூப்பிட்டும் திரும்பாத பயல், ஒரு குண்டு பல்புக்கு மூன்று முறையும் திரும்பினான்.

பெயர் மைதா என்று ஜெபமணி காதுக்குள் கத்தினார். உமாதேவி நோட்டைத் திருப்பிக் கடைசிப் பக்கத்தில் எழுதினார்: 'மைதா. சின்னமனூர் மாவு மில். பல்பு போட்டால் வருவான்.' அதன் கீழே அழுத்தி ஒரு கோடு கிழித்தார். அந்தக் கிளையில் இனி யாரும் இல்லை. அடுத்த பக்கத்தைப் புரட்டி, அவரிடம் இருக்கும் இளைய பெட்டையின் பெயரை மேலே எழுதி, கீழே காலியாக விட்டார். அடுத்த ஈத்து உண்டு என்று எனக்குப் புரிந்தது. என் பழைய தலைப்பை நினைத்துக்கொண்டேன், அதன்மேல் எனக்கு இப்போது ஒரு பாசமும் இல்லை.

அதற்குள் மைதா மூட்டையில் முதுகைக் கொடுத்துத் தூங்கிப்போயிருந்தான். வயிறு தரையோடு சேர்ந்து அதிர்ந்துகொண்டிருந்தது. கிளம்பலாம் என்று நான் சைகை காட்டினேன். உமாதேவி எழுந்து, விடைபெறுகிறவர் போல அவனை நோக்கி ஓரடி வைத்தார். பிறகு நின்றுவிட்டார். மிஷின் தலைக்குமேல் இரைந்தது, பெல்ட் தடதடத்தது, யாரோ மூட்டையைத் தொப்பென்று இறக்கினார்கள். அவர் குனிந்து செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். புடவையை லேசாகத் தூக்கிப் பிடித்து, நுனிக்காலால் ஒவ்வோர் அடியாக எடுத்து வைத்து, குட்டியைத் திரும்பிப் பார்த்துப் பார்த்து வாசல்வரை நடந்தார்.